டப்பா சார் திருடிய கிராபிக்ஸ் கார்டு

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, தன் சொந்த வீட்டிலேயே திருடுவது என்று டப்பா சார் முடிவு செய்தார்.

முடிவு செய்தது ஒன்பதரைக்கு. திருட்டு முழி வந்துவிட்டது ஒன்பது இருபதுக்கே. மனைவி லிஃப்டில் இறங்கி, கீழ் வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பும்வரை மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். அவள் திரும்பிய பிறகும் அந்த வெறும் தெருமுனையை இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்தார். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள் இல்லை அவள். மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிற ஆள்.

டப்பா சார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். கம்ப்யூட்டர் கேபினெட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் டிசைனர். பதினாறு வருஷமாகத் தகரத்தை மடித்துப் பெட்டி செய்கிற மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவருக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் போன மாசம் மீட்டிங்கில் அவர் வாயிலிருந்து விழுந்த சபதத்தால் வந்தது.

"புது கேபினெட் ரெண்டு ஷூ டப்பாவை ஒட்டி வச்ச அளவுதான் சார் இருக்கும். அதுக்குள்ள இருக்கறதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டை வைப்பேன். சூடு எழுபத்தஞ்சு டிகிரியைத் தாண்டாது. தாண்டினா என் பேரை மாத்திக்கறேன்!"

"பேரைத்தான் ஏற்கெனவே மாத்தியாச்சே, வேற ஏதாவது சொல்லுங்க" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு பெட்டி செய்தார். முதல் மாதிரியில் தொண்ணூற்றாறு டிகிரி. இரண்டாவதில் தொண்ணூற்று மூன்று. மூன்றாவதில் எத்தனை என்று தெரியவில்லை. அளந்து சொல்ல வேண்டிய கார்டே கண்ணை மூடிவிட்டது. ஆபீஸில் இருந்த ஒரே பெரிய கார்டு அதுதான்.

முதலாளி கோபம் வந்தால் கத்தமாட்டார். குரலைத் தாழ்த்துவார். அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்க டப்பா சார் மேஜைமேல் பாதி படுக்கவேண்டியிருந்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்கறவங்க வராங்க. மேஜைமேல அந்த டப்பா இருக்கணும். இல்லேன்னா மேஜைக்குப் பின்னால இந்த டப்பா இருக்காது."

நான்காவது மாதிரி வீட்டில் தயாராக இருந்தது. சோதித்துப் பார்க்கக் கார்டுதான் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹாலில் இருந்தது. மனைவியின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அவள் இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியது போலப் படமாக வரைந்து கொடுப்பவள். சமையலறை ஜன்னலில் காலை வெளிச்சம் விழுவது, மரத்தரையில் நிழல் படிவது எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் நிஜம்போலவே வரும். அதற்காக இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய கார்டு அது. வாராவாரம் அதை மெல்லிய பிரஷ்ஷால் துடைப்பாள். வாங்கி வந்த அன்று அவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இதை நீங்க எப்பவாவது தொட்டீங்கன்னா..."

அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் டப்பா சார் தைரியமாக இருந்திருப்பார். முடிக்காத அந்த மிச்சம்தான் இத்தனை மாதமாக அவர் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு அவள் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருக்கிறாள். வர சாயங்காலம் ஆகும் என்று சொல்லியிருந்தாள். டப்பா சார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஆறு ஸ்க்ரூ. அதில் இரண்டு சோபாவுக்கு அடியில் உருண்டன. படுத்துத் தேடும்போது ஹாலில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் போட்டோவைத் திருப்பி வைத்தார். பிறகு கார்டைக் கழற்றினார். செங்கல் கனம், மூன்று விசிறி. திரை இருண்டு போய்விடக் கூடாதே என்று அதன் இடத்தில் பழைய சின்னக் கார்டு ஒன்றைச் சொருகினார். கேபினெட்டை மூடி, மேலே கிடந்த துணியை மடிப்புக் கலையாமல் போட்டார்.

வீட்டில் இருந்த ஒரே உபரி அறை அவருடைய பட்டறை. தகடு, கத்தரி, துளை போடும் மெஷின், தோற்றுப்போன மூன்று மாதிரிகள் எல்லாம் அங்கேதான். அதனால்தான் மனைவி ஆறு வருஷமாக ஹாலில், டிவிக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். டப்பா சார் கார்டைப் பட்டறைக்குத் தூக்கிப் போய், மற்ற பாகங்களெல்லாம் ஏற்கெனவே பொருத்தியிருந்த நான்காவது மாதிரிக்குள் மாட்டினார். கார்டைக் கடுமையாக வேலை வாங்கினால்தான் சூடு தெரியும். அதற்கு மனைவி படம் வரையும் புரோகிராமைவிடக் கொடுமையானது எதுவும் இல்லை. திறந்தார். கடவுச்சொல் கேட்டது. அவள் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஹாலுக்குப் போய்ப் பார்த்து வந்து அடித்தார்.

பெரிய மாளிகை ஒன்றை வரையச் சொல்லிவிட்டு, திரையின் மூலையில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. எழுபத்தொன்று.

"போதும்டா, நில்லுடா" என்று கெஞ்சினார்.

எழுபத்தாறு. போன் அடித்தது. மனைவி.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"பின்னால என்ன சத்தம்?"

மூன்று விசிறியும் விமானம் ஏறுவதுபோல இரைந்தன. "ஃபேன்" என்றார். பொய் சொல்லாமல் தப்பிக்க முடிந்ததில் அவருக்கே ஒரு நிம்மதி.

"நம்ம ஃபேன் இப்படியா கத்தும்?"

"வேகமா வச்சிருக்கேன். புழுக்கம்."

"அவ்வளவு சூடா?"

"ரொம்ப."

"எத்தனை இருக்கும்?"

கண் திரையில் இருந்தது. வாய் அவரைக் கேட்காமலே சொன்னது. "எழுபத்தொம்பது."

"வெயிலா?"

"சேச்சே. என் எடை."

"நான் எடையைக் கேக்கலையே."

"நீ கேப்பேன்னு நானே சொல்லிட்டேன்."

"சரி, சரி. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எண்பத்து மூன்று. எண்பத்தாறு. நிறுத்திவிடலாம் என்று கை போயிற்று. ஆனால் எங்கே போய் நிற்கிறது என்று தெரியாமல் திங்கட்கிழமை முதலாளி முன்னால் எப்படி நிற்பது? அந்தத் தாழ்ந்த குரல் காதில் கேட்டது. கை திரும்பி வந்துவிட்டது. எண்பத்தெட்டு. மறுபடி போன்.

"ஏங்க, அங்க ஒண்ணும் கருகலையே?"

"க-கருகவா? எது?"

"அடுப்புல பாலை வச்சுட்டு வந்தேனோன்னு ஒரு சந்தேகம்."

"அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு."

"அப்ப சரி. வேற ஏதாவது கருகினா ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனை வைத்தபோதுதான் அவருக்கு வாசனை வந்தது. பெட்டியின் உள்ளே சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுத் துண்டு ஓரம் சுருண்டு, நூல் மாதிரி ஒரு புகையை விட்டுக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்று. டப்பா சார் பிளக்கைப் பிடுங்கினார். அதே நேரம் காலிங் பெல் அடித்தது.

வாசலில் எதிர்வீட்டு ஸ்டோர் சார். தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான சிவப்பு சிலிண்டர்களைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்தவர். ஒன்றைக்கூடத் தன் கையால் அமுக்கிப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர். இப்போது அவர் கையில் ஒரு சிவப்பு சிலிண்டர் இருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"கருகுதா?"

"இல்லையே."

"நல்லா மூச்சை இழுத்துப் பாருங்க. கருகுது. எந்த ரூம்?"

"சார், ஒண்ணுமில்ல சார், அணைச்சாச்சு."

"அணைஞ்சதா அணையலையான்னு அதைப் படிச்சவங்க சொல்லணும்" என்று உள்ளே நுழைந்துவிட்டார்.

"சார், வேண்டாம் சார்! உள்ள கார்டு இருக்கு!"

"ரேஷன் கார்டா? அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். உயிர் முக்கியம். தள்ளுங்க!"

"உயிரே அந்தக் கார்டுதான் சார்!"

ஸ்டோர் சார் சிலிண்டரின் வளையத்தை இழுத்தார். முப்பது வருஷ ஏக்கம் விரலில் இறங்கியது. டப்பா சார் வேறு வழியில்லாமல் பெட்டிமேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார். சூடான தகடு நெஞ்சைச் சுட்டது. மேலே பொடி கொட்டியது. நிற்காமல் கொட்டியது. அறை, மேஜை, தகடு, பழைய மாதிரிகள், டப்பா சாரின் தலை, காது, மூக்கு எல்லாம் வெள்ளை. சிலிண்டர் காலியானதும் ஸ்டோர் சார் ஆழமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"கட்டுக்குள் வந்துவிட்டது" என்று எழுத்துத் தமிழில் அறிவித்துவிட்டு, பெருமிதமாக வீட்டுக்குப் போனார்.

கார்டுமேல் ஒரு பொட்டுப் பொடி படவில்லை. ஆனால் தொட முடியாத சூடு. டப்பா சார் அதை ஒரு துண்டில் சுற்றினார். ஆறவேண்டும், உடனே ஆறவேண்டும், ஆறிய பிறகுதான் ஹாலில் மாட்ட முடியும். எங்கே வைத்தால் சீக்கிரம் ஆறும்? பயத்தில் இருக்கிற மனிதனுக்கு என்ன தோன்றுமோ அதுதான் அவருக்கும் தோன்றியது. ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்து மூடினார்.

மூடிய கையை எடுக்கவில்லை. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

மனைவி உள்ளே வந்தாள். சமையலறை வாசலில், தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் ஃபிரிட்ஜைக் காவல் காத்து நின்றது.

"யாருங்க நீங்க?"

"நான்தான்."

"குரலைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. என்ன இது?"

டப்பா சாரின் மூளை பத்துத் திசையில் ஓடிப் பதினோராவது பொய்யைப் பிடித்துக்கொண்டு வந்தது. "சுவரைச் சுரண்டினேன்."

"எந்தச் சுவரை?"

"என் ரூம் சுவரை. பெயிண்ட் அடிக்கறதுக்கு."

"அந்த ரூம் சுவர் பச்சையாச்சே. வெள்ளையா உதிருது?"

"மேலதான் பச்சை. உள்ளுக்குள்ள வெள்ளை."

"உங்களை மாதிரியே" என்றாள் அவள். "திடீர்னு எதுக்குப் பெயிண்ட்?"

எதுக்கு? அவருக்கும் அதுதான் தெரியவில்லை. அவள் கண் மெல்ல நகர்ந்து, ஹாலில் துணி போர்த்திய கம்ப்யூட்டரை நோக்கிப் போயிற்று. அது அங்கே போய்ச் சேருவதற்குள் எதையாவது சொல்லியாக வேண்டும். சொன்னார்.

"உனக்காகத்தான்! அந்த ரூமை உனக்குக் கொடுத்துடலாம்னு. பாவம், ஆறு வருஷமா ஷூ அலமாரி பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறே. ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம ஆரம்பிச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கினாற்போல இருந்தது. சிரிப்பை அடக்கினாலும் கண் அப்படித்தான் ஆகும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"என்னங்க, உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசா! அப்ப உங்க சாமானெல்லாம்?"

"அது... பால்கனி இருக்கே."

"பால்கனி சின்னதாச்சே."

"நானும் சின்ன டப்பாதானே செய்யறேன்."

"அப்ப இன்னிக்கே மாத்திடலாம். நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது."

அன்று பிற்பகல் முழுக்க டப்பா சார் தன் பட்டறையைத் தானே கூட்டினார், துடைத்தார், காலி செய்தார். தகடுகளைத் தோளில் தூக்கி ஹால் வழியாகப் பால்கனிக்குக் கொண்டு போனார். ஒவ்வொரு நடையிலும் ஃபிரிட்ஜைத் தாண்டினார். ஒவ்வொரு தடவையும் மனைவி அங்கே நின்றாள். ஒரு தடவை கத்தரிக்காய் எடுத்தாள். இன்னொரு தடவை சும்மா திறந்து பார்த்து மூடினாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

கடைசியில் அவளுடைய மேஜையும் புது அறைக்குப் போனது. கம்ப்யூட்டரையும் அவரே தூக்கி வைத்தார். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்" என்றாள்.

இதுதான் சமயம்! பறந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். முட்டை இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. நடுவில் துண்டு இல்லை.

காய்கறித் தட்டை இழுத்தார். இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தார். இல்லை. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், அதன் அடியில் இருக்க முடியாது என்று தெரிந்தும்.

"என்ன தேடறீங்க?" பின்னாலிருந்து குரல்.

"தண்ணி."

"கையில இருக்கே."

"இது வேற தண்ணி."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபிரிட்ஜின் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, ஸ்க்ரூ உருண்டதிலிருந்து ஸ்டோர் சார் வளையத்தை இழுத்ததுவரை எல்லாவற்றையும் கொட்டினார். வேலை போய்விடும் என்று சொல்லும்போது கையிலிருந்த பாட்டிலைக் கட்டிக்கொண்டார். திருப்பி வைத்த கல்யாண போட்டோவைக்கூட விடாமல் ஒப்புக்கொண்டார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "முடிஞ்சுதா?" என்றாள். தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். காலை பத்து பதினாலுக்கு வந்த செய்தி. உங்கள் கணக்கு வேறொரு கணினியில் திறக்கப்பட்டுள்ளது.

"என் பேர்ல திறந்தா எனக்குச் சொல்லாம உங்க முதலாளிக்கா சொல்லும்?"

"அப்ப... நீ போன் பண்ணினது?"

"உங்க டப்பாவுக்குள்ள என் கார்டு எத்தனை டிகிரில வேகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான். நீங்களே சொல்லிட்டீங்க."

"ஸ்டோர் சார்?"

"நான்தான் எட்டிப் பார்க்கச் சொன்னேன். பொடி அடிக்கச் சொல்லலை. அது அவரோட ஆசை. ஃபிரிட்ஜ்ல வச்சா ஈரம் கோத்துக்கும்னு ஒரு டிசைனருக்குத் தெரிய வேணாம்? அப்பவே எடுத்துட்டேன். என் பீரோ மேல ஃபேன் காத்துல காயுது."

டப்பா சாருக்கு உயிர் பாதி வந்தது. மீதிப் பாதிக்காகக் கேட்டார். "அப்படின்னா... அந்த ரூம்?"

"நீங்க ஆசையா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தா உங்க மனசு கஷ்டப்படாதா?" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "வேலை போயிடும்னு ஒரு மாசமா பயந்துக்கிட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? எடுங்க அந்தப் பெட்டியை."

பால்கனியில், துளை மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் உள்ளே டார்ச் அடித்தாள்.

"கார்டோட ஃபேன் மூணும் எந்தப் பக்கம் பார்க்குது?"

"உள்பக்கம்."

"உள்ள என்ன இருக்கு?"

"ப்ராசஸர். பவர் சப்ளை."

"அது விடற அனலை இது இழுக்குது. இது விடற அனலை அது இழுக்குது. மேல ஓட்டை, கீழ ஓட்டைன்னு சல்லடை ஆக்கிட்டீங்க. நடுவுல ஒரு சுவர் வைக்கலையே?"

"சுவர் வச்சா கார்டுக்குக் காத்து?"

"திருப்பி வைங்க. முதுகு சுவரைப் பார்க்கட்டும், முகம் வெளியே பார்க்கட்டும். அந்தப் பக்கத் தகடு முழுக்க ஓட்டை. வெளிக்காத்தை நேரா இழுக்கும். அனல் மேல போயிடும்."

"கார்டைச் சொருகற மதர்போர்டை விட்டுத் தள்ளிப் போயிடுமேம்மா!"

"பட்டையா ஒரு கேபிள் விக்கறாங்களே, அது எதுக்கு? உங்க டிராயர்லயே ரெண்டு கிடக்கு."

டப்பா சார் டிராயரைத் திறந்தார். இரண்டு கிடந்தன. "உனக்கு எப்படி இதெல்லாம்?"

"வருஷத்துக்கு முப்பது சமையலறை வரையறேன். அடுப்புச் சூடு எந்தப் பக்கம் போகணும்னு தெரியாமலா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பால்கனியில் உட்கார்ந்து தகடு வெட்டினார். நடுச்சுவர் வைத்தார். கார்டைத் திருப்பினார். மனைவி பிளக்கில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மாளிகை வரையத் தொடங்கியது. அறுபது. அறுபத்தாறு. டப்பா சார் கண்ணை மூடிக்கொண்டார். அறுபத்தொன்பது. எழுபது. நாற்பது நிமிஷம் கழித்தும் எழுபத்தொன்று. அவர் கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது.

"ஆபீஸுக்குக் கொடுக்கப் பெட்டியோட படத்தை நான் வரைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

பயம் போன இடத்தில் கௌரவம் வந்து உட்கார்ந்துகொண்டது. "அதெல்லாம் என் தொழில். நானே வரைஞ்சுக்கறேன்" என்றார். அப்படியே வரைந்தும் வைத்தார்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, இரவல் கார்டோடு அந்தப் பெட்டி முதலாளி மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. வாங்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. தொட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கை குலுக்கிவிட்டுப் போனார்கள். டப்பா சாரின் நெஞ்சு மூன்று ஷூ டப்பா அகலத்துக்கு விரிந்தது. வீட்டில் அறை போனால் போகிறது, ஆபீஸிலாவது நிமிர்ந்து நிற்கலாமே.

"நடுவுல சுவர் வைக்கற யோசனை யாரோடது?" என்று கேட்டார் முதலாளி. குரல் தாழவில்லை. நல்ல சத்தமாகவே கேட்டார்.

"என்னோடதுதான் சார். ராத்திரி பகலா மண்டையைக் குடைஞ்சு கண்டுபிடிச்சேன்."

"அப்படியா?" முதலாளி டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். பெட்டியின் முழுப் படம். "நேத்து சாயங்காலமே மெயில்ல வந்துடுச்சு. கீழ உங்க பேர்தான் போட்டிருக்கு."

டப்பா சார் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் வரைந்தது அது இல்லை. ஆனாலும் நிமிர்ந்தே நின்றார். "ஆமா சார், நான்தான் அனுப்பினேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அளவெல்லாம் சரியா இருந்துச்சு டப்பா. அப்பவே தெரிஞ்சுபோச்சு இது நீங்க இல்லைன்னு."